விமானமா, ஹெலிகாப்டரா? ஆஸ்ப்ரேக்கு மாறும் அமெரிக்க கடற்படை பைலட்டுகள்: பழைய பழக்கமே சிக்கலாவது ஏன்?

நடுக்கடலில் நிற்கும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் சுமார் 5,000 பேர் இருப்பார்கள். போர் விமான உதிரிபாகம், தபால், பணிக்கு வந்துபோகும் வீரர்கள் என எல்லாவற்றுக்கும் கரையிலிருந்து ஒரு விமானம் வந்தாக வேண்டும். 1960-களில் இருந்து இந்த வேலையைச் செய்தது சி-2 கிரேஹவுண்ட். இப்போது அந்த இடத்துக்கு வந்திருப்பது சிஎம்வி-22பி ஆஸ்ப்ரே.

இது ஹெலிகாப்டர் மாதிரி நேராக எழும்பும். பிறகு இறக்கை முனைகளில் உள்ள இன்ஜின்கள் முன்பக்கமாகச் சாய, சாதாரண விமானம் போலப் பறக்கும். இதை ஓட்ட வருபவர்களில் பலர் சி-2 ஓட்டியவர்கள் அல்லது ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள். இரண்டு தரப்புக்குமே பாதி தெரியும், பாதி புதுசு.

ஏன் இந்த மாற்றம்?

சி-2 விமானம் கப்பலில் இறங்க, கொக்கியால் தளத்தில் உள்ள கம்பியைப் பிடிக்க வேண்டும். கிளம்ப, கேட்டபுல்ட் தள்ளிவிட வேண்டும். அதனால் போர் விமானங்கள் ஏறி இறங்கும் நேர அட்டவணைக்குள்தான் அதுவும் வந்துபோக முடியும். ஆஸ்ப்ரேக்கு இது எதுவும் தேவையில்லை.

இன்னொரு முக்கியக் காரணம், எஃப்-35சி போர் விமானம். அதன் எஃப்135 இன்ஜினின் மையப் பகுதி சி-2 உள்ளே நுழையாது, ஆஸ்ப்ரேக்குள் நுழையும். 2021-ல் கார்ல் வின்சன் கப்பலில் எஃப்-35சி-யும் சிஎம்வி-22பி-யும் சேர்ந்தே முதல் பணிப் பயணம் போனது இதனால்தான்.

பைலட்டுக்கு என்ன சிக்கல்?

முதல் சிக்கல் கையில். ஹெலிகாப்டர் பைலட், தூக்குவிசை கூட வேண்டுமென்றால் இடது கையில் இருக்கும் நெம்புகோலை மேலே இழுப்பார். ஆஸ்ப்ரேயில் இடது கை நெம்புகோலை முன்னால் தள்ள வேண்டும். நிதானமாக இருக்கும்போது இது சின்ன விஷயம். தளத்துக்குச் சில அடி மேலே பதற்றம் வந்தால், கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும்.

வேகமும் புதுசு. ஹெலிகாப்டரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வருவதால், இறங்குவதற்கான கணக்கை மைல்கள் முன்னாடியே தொடங்க வேண்டும்.

சி-2 பைலட்டுக்கோ தள்ளும் திசை பழக்கம், ஆனால் நிற்பது புதுசு. அவர் பழகியது தளத்தைத் தொட்டதும் முழு வேகம் கொடுப்பது. கொக்கி கம்பியைத் தவறவிட்டால் மறுபடி மேலே எழும்ப வேண்டுமே! ஆஸ்ப்ரேயில் கப்பலோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே, காற்றில் மிதந்து, மெதுவாக இறங்க வேண்டும்.

அவசரப்பட்டு இறங்கினால்?

2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில் நடந்த விபத்தில் 19 மரைன் வீரர்கள் இறந்தார்கள். குறைந்த வேகத்தில் மிக வேகமாகக் கீழே இறங்கியபோது, ஒரு ரோட்டர் தான் தள்ளிய காற்றிலேயே சிக்கித் தூக்குவிசையை இழந்தது. இந்த ஆபத்து ஹெலிகாப்டருக்கும் உண்டு. ஆனால் ஆஸ்ப்ரேயில் ரோட்டர்கள் இரண்டு பக்கமும் இருப்பதால், ஒன்று மட்டும் சிக்கினால் விமானம் அப்படியே கவிழ்ந்துவிடும்.

அதன்பிறகு வலியுறுத்தப்பட்ட விதி இது: வேகம் 40 நாட்டுக்குக் கீழே போனால், நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக் கூடாது.

பயிற்சியால் தீராத பிரச்னை

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் சரியாகும். அடுத்தது அப்படி இல்லை.

ஆஸ்ப்ரேயில் ஒரு இன்ஜின் நின்றால், இறக்கைக்குள் ஓடும் இணைப்புத் தண்டு வழியாக இன்னொரு இன்ஜின் இரண்டு ரோட்டரையும் சுழற்றும். ஆனால் ரோட்டரைச் சுழற்றும் கியர்பாக்ஸே உடைந்தால், அந்தத் தண்டால் பயனில்லை.

2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா தீவு அருகே அமெரிக்க விமானப்படையின் ஆஸ்ப்ரே விழுந்து 8 பேர் இறந்தது இப்படித்தான். இடதுபக்க கியர்பாக்ஸ் உடைந்தது. அதற்கு முன்பே, எண்ணெயில் உலோகத் துகள் கலப்பதாக விமானம் பலமுறை எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தும் பயணத்தைத் தொடர்ந்த முடிவும் விபத்துக்குக் காரணம் என்றது 2024 ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை.

விபத்துக்குப் பிறகு கடற்படை உட்பட மூன்று படைகளின் ஆஸ்ப்ரேக்களும் தரையில் நிறுத்தப்பட்டன. கப்பல்களுக்குச் சரக்கு கொண்டுபோக, ஓய்வுபெறக் காத்திருந்த சி-2 விமானங்களையே நம்ப வேண்டியதானது.

2024 மார்ச்சில் தடை நீங்கியது. ஆனால் அவசரமாக இறங்கக்கூடிய விமானத்தளத்திலிருந்து 30 நிமிடத் தொலைவுக்குள்ளேயே பறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. நிலத்தின் மேல் பறப்பவர்களுக்கு இது சமாளிக்கக்கூடியது. கடற்படை ஆஸ்ப்ரே உருவாக்கப்பட்டதோ, கூடுதல் எரிபொருளோடு 1,150 கடல் மைல் போவதற்காக! நடுக்கடலில் 30 நிமிடத்தில் எந்த விமானத்தளம் கிடைக்கும்?

இனி என்ன?

கடற்படை வாங்கத் திட்டமிட்டது 48 விமானங்கள். பைலட்டுகளைத் தயார்செய்ய சான் டியேகோவில் விஆர்எம்-50 என்ற தனிப் பயிற்சிப் பிரிவே இயங்குகிறது. பின்வாங்குவது சுலபமல்ல, ஏன்னா சி-2 விமானங்களின் ஆயுள் முடிகிறது.

கியர்பாக்ஸில் உள்ள கியர்கள் விரிசல் விட்டதற்கு, உருக்கில் கலந்திருந்த அசுத்தம் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. தூய்மையான உருக்கில் செய்த கியர்கள் பொருத்தப்படும் வரை அந்த ஆபத்து முழுசா நீங்காது.

அதுவரை பைலட்டுகளின் கையில் இருப்பது ஒன்றுதான்: முதல் எச்சரிக்கையிலேயே திரும்பிவிடும் முடிவு. சரக்குக்காகக் கப்பல் காத்திருக்கும்போது அந்த முடிவை எடுப்பது, எந்த நெம்புகோலைத் தள்ளுவதையும்விடக் கடினம்.