சான்றிதழை வாடகைக்கு விடலாமா?

மருந்துக் கடைச் சுவரில் பார்மசிஸ்ட் சான்றிதழ் மாட்டியிருக்கும். அதற்கு உரியவரோ கடைப் பக்கமே வருவதில்லை. மாதம் பிறந்தால் அவருக்கு ஒரு தொகை போய்விடும். டி.பார்ம் முடித்து, திருமணமாகி வீட்டிலிருக்கும் நம் பெண்களின் சான்றிதழ்களும் இப்படிப் போகின்றன. "சும்மா கிடக்கிற காகிதம்தானே, யாருக்கு நஷ்டம்?" என்று குடும்பத்தாரே கேட்கிறார்கள்.

மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு. அளவு கூடினாலோ, பெயர் ஒத்த மருந்து கைமாறினாலோ நஷ்டம் நோயாளியின் உயிருக்குத்தான்.

வீட்டை வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர் அதன் பயனை அடைகிறார். கல்வி அப்படிக் கைமாறாது. படித்தவர் இல்லாத கடையில் அந்தச் சான்றிதழ் 'அவர் இங்கே இருக்கிறார்' என்று பொய்ச் சாட்சி மட்டுமே சொல்கிறது. பொய்ச் சாட்சியை நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களில் ஒன்றாக எச்சரித்தார்கள். அதற்கு வாங்கும் கூலி எப்படி ஹலாலாகும்? மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அறியாதவருக்குத் திரையாக நிற்பவர் மட்டும் தப்பிவிடுவாரா?

குடும்பக் கஷ்டம் உண்மைதான். வேலைக்குப் போக முடிந்தவர் அதே கடையில் நின்று சம்பளம் வாங்கட்டும். பெண்கள் போக வீட்டார் வழிசெய்து கொடுக்கட்டும். முடியாதவர் சான்றிதழைத் திரும்பப் பெற்று, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடட்டும். வருமானம் குறையலாம், பரக்கத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது.