காபன் கறுப்பு நிறமா?

"மொடல் எல்லாம் எதுக்கு? லூயிஸ் கட்டமைப்ப வரையத் தெரிஞ்சா புள்ளி வரும்." கண்டி டவுன்ல டியூஷன் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிற்கிற உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் இதுதான் பதில். பிள்ளைகளில் பிழை இல்லை, பரீட்சை கேட்பதைத்தானே படிப்பார்கள். என் கோபம், ஒரு படத்தைப் போட்டு "இதுதான் மூலக்கூறு" என்று முடித்துவிடுகிற கற்பித்தல்மேல். வடிவமும் கோணமும் பாடத்திட்டத்தில் இருக்கு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனா அதையும் பட்டியலாகத்தான் பாடமாக்குகிறார்கள்.

கலைப்பீடத்துக்காரிக்கு இரசாயனவியலில் என்ன வேலை என்று கேட்பீங்க. ஒரு படம் எதைக் காட்டுது, எதை மறைக்குது என்று கேட்பதுதானே எங்கட வேலையே!

மெதேனை எடுங்க. தாளில் அது சிலுவை மாதிரி, நாலு ஐதரசனும் 90 பாகையில். பந்தும் குச்சியுமாகச் செய்தால் உண்மையான 109.5 பாகை கண்ணுக்குத் தெரியும், ஆனா அணுக்களுக்கு நடுவில் ஏதோ வெற்றிடம் கிடக்கிற மாதிரி இருக்கும். இடம் நிரப்பும் மொடலில் உருண்டைகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து நிற்கும். அணு எவ்வளவு இடம் பிடிக்குது என்று தெரியும், பிணைப்பு தெரியாது. மூன்றில் எது சரி? கேள்வியே பிழை.

காபன் கறுப்பு, ஒட்சிசன் சிவப்பு என்பதும் இயற்கை தந்ததில்லை. 1865இல் லண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் ஹொஃப்மன் குரோக்கே விளையாட்டுப் பந்துகளைக் கோத்துக் காட்டிய விரிவுரையின் மிச்சம் அது. அவருடைய மெதேன் தட்டை. நான்முகி வடிவத்தை வான்ட் ஹொஃப் சொன்னது 1874இல். தட்டை போயிட்டு, நிறம் நின்னுட்டு.

இதெல்லாம் வெறும் தத்துவம் என்பவர்களுக்கு ஒரு மெட்ராஸ் கதை. தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை பின்னியது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள். மூன்று இழை சரி, ஆனா சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று ரிச்சும் கிரிக்கும் மடக்கினார்கள். அப்போ எவ்வளவு நெருங்கலாம்? ராமச்சந்திரன் குழு, அதுவரை தெரிந்த பளிங்கு அமைப்புகளில் அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கியிருக்கின்றன என்று தேடியது. பிறகு அணுக்களைக் கெட்டி உருண்டைகளாக எடுத்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பினால் அவை மோதும் என்று கணக்குப் போட்டது. ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு 1963இல் வெளியிட்ட அந்த வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் புதிய புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். அணு கெட்டி உருண்டை இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? அந்தக் கேள்விக்கு உருண்டை போதும், அவ்வளவுதான்.

தோட்டப் பாடசாலைக்கு மொடல் பெட்டி வாங்கக் காசில்லையாம். களிமண்ணும் ஈர்க்குச்சியும் போதுமே. ஹந்தானையில் ஒரு பிள்ளையிடம் ஒரு உருண்டையும் நாலு ஈர்க்கும் கொடுத்து, ஒன்றுக்கொன்று முடிந்தளவு விலகி நிற்கிற மாதிரிக் குத்தச் சொல்லுங்க. 109.5ஐ அந்தப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

வினாத்தாள் போடுகிறவர்களுக்கும் ஒன்று. "வரைக" என்பதோடு நிற்காதீங்க. வரைந்த படம் எதை மறைக்கிறது என்றும் கேளுங்க. அதற்கு நாலு புள்ளி கொடுங்க.