எண்ணெய் தேய்க்கும் கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

எங்கள் பத்திரிகைகளில் 'மசாஜ் நிலையம்' என்ற சொல் பெரும்பாலும் பொலிஸ் சுற்றிவளைப்புச் செய்திகளில்தான் இடம்பெறும். அந்தத் தொழிலை நேர்மையாகச் செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகின்றவர்களைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆயுர்வேத நிலையங்கள், கடற்கரை ஹோட்டல்கள், கொழும்பின் அழகு நிலையங்கள் ஆகியவற்றில் இன்று எண்ணெய் தேய்த்து, உடம்பு நீவிப் பிழைக்கின்றவர்களுள் தோட்டப் பகுதி இளையோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழிலறிவில் உள்ள ஒரு பெரிய இடைவெளியைப் பற்றியதே இக்குறிப்பு.

எஹலியகொட, கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்புவரை செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில், அவிசாவளைக்கும் குருவிட்டைக்கும் இடையில் அமைந்த ஊர். இறப்பர், தாழ்நிலத் தேயிலை, வயல், மாணிக்கக் குழி என்று நான்கு தொழில்களும் கலந்த பூமி. ஒரு காலத்தில் களனிவெளி ரயில் இவ்வழியே இரத்தினபுரிக்கும் ஓபநாயக்கவுக்கும் ஓடியது. இன்று அவிசாவளையோடு நின்றுவிட்டது. ரயில் நின்றாலும் பயணம் நிற்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகிறார்கள். கடை, வீட்டு வேலை, ஆடைத் தொழிற்சாலை என்ற வரிசையில் இப்போது மசாஜும் சேர்ந்திருக்கிறது.

அவ்வாறு வேலைக்குப் போன ஒரு பெண், அண்மையில் ஊர்ப் பக்கத்தில் சந்தித்தபோது என்னிடம் கூறியது இது: "ஐயா, முதுகுல எந்த நரம்பு எங்க ஓடுதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. எந்த எண்ணெய எவ்வளவு சூடாக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. தோல்ல ஏதாவது இருந்தா என்ன செய்யணும்னு யாருமே சொல்லித் தரல்ல."

இதனைச் சிறு குறையென ஒதுக்கிவிட முடியாது. ஒரு மனிதனின் முதுகை நல்ல வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பார்க்கின்றவர் யார்? அவனால் பார்க்க முடியாது. லயன் அறையின் மங்கிய விளக்கில் மனைவியும் கவனிப்பதில்லை. வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசையோடு போராடும் வைத்தியர் சட்டையைக் கழற்றச் சொல்லி முழு உடம்பையும் பார்ப்பது அரிது. பார்ப்பதோடு தொட்டும் அறிகின்றவர் மசாஜ் தொழிலாளி ஒருவரே. ஆகவே சில அடிப்படைத் தோல் நோய்களை அடையாளம் காணும் அறிவு அவருக்குக் கட்டாயமாகக் கற்பிக்கப்பட வேண்டும், அதுவும் அவருடைய தாய்மொழியிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. மூன்று பிரிவுகளாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் தொற்றாதவை. மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலோடு பரவும் தேமல் இவ்வகையைச் சேர்ந்தது. எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் ஒரு பூஞ்சணம் வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் மிகுந்து பெருகுவதால் வருவது அது. எண்ணெய் தேய்த்தால் அவருக்குத்தான் கூடும், தேய்ப்பவருக்கு ஒட்டாது. பால்போல் வெளுத்த வெண்புள்ளி நோயும் தொற்றாது. அதனை 'வெண்குட்டம்' என்று அழைத்து எத்தனையோ பெண்களின் வாழ்க்கையை நம் சமூகம் பாழாக்கியிருக்கிறது. குட்டத்துக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதில் உதிரும் சொரியாசிஸ், மடிப்புகளில் அரிக்கும் கரப்பான் ஆகியவையும் அவ்வாறே. இவர்களைத் திருப்பி அனுப்புவது அறியாமை. வெடித்த, கசிகின்ற இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு வேலையைச் செய்யலாம்.

இரண்டாவது, தொற்றுபவை. இவற்றில் முதன்மையானது சொறி சிரங்கு. கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் குடைந்து முட்டையிடுவதால் வருவது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தோன்றும். அரிப்பு இரவில் கூடும். இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. முதன்முறையாகத் தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதற்குள் அவர் அறியாமலே மற்றவருக்குக் கொடுத்துவிடுவார். கொழும்பில் ஒருவரின் கையைப் பிடித்து நீவிய பிள்ளை, தீபாவளிக்கு லீவில் வந்து ஒரே பாயில் தங்கைகளோடு படுத்தால் அந்த லயன் முழுவதும் சொறிய ஆரம்பிக்கும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து கால்வரை பூசி, ஒரு வாரத்தின் பின் மீண்டும் பூசினால் குணமாகும். ஆனால் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். அரிப்பவர் மட்டும் பூசினால் நோய் வட்டமிட்டுத் திரும்பி வரும். சொறிந்த புண்ணில் பற்றீரியா புகுந்தால் சிறுவர்களின் சிறுநீரகம்வரை பாதிக்கப்படலாம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது வீணாக அன்று.

படர்தாமரையும் தொற்றக்கூடியது. வட்டமாக, விளிம்பு தடித்து, நடுப்பகுதி தெளிந்து காணப்படும். ஈரத் துவாய், பகிர்ந்த உடை மூலம் பரவும். பாமசியில் கேட்டு வாங்கிய ஸ்டீரொயிட் கலந்த களிம்பைப் பூசினால் சில நாட்களுக்கு அரிப்பு அடங்கும். பூஞ்சணமோ மேலும் பரவும். வட்டத்தின் வடிவமும் குலைந்து, வைத்தியருக்கே அடையாளம் காணக் கடினமாகிவிடும்.

அக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவயதில் கொப்புளிப்பானை உண்டாக்கிய கிருமி நரம்பில் உறங்கிக் கிடந்து பல ஆண்டுகளின் பின் எழுவதே அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டி கட்டியதுபோல் கொப்புளங்கள் எழும். அவை எழுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அவ்விடத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கிவிடும். 'ஒரு பக்க முதுகு நோகிறது, நீவி விடு' என்று அவர் வந்து படுப்பது அந்த நாட்களில்தான். காவியால் அக்கி எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. எழுதுகின்றவர்கள் எழுதட்டும். ஆனால் கொப்புளம் தோன்றி மூன்று நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும் என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டும். கொப்புளிப்பான் வராத கர்ப்பிணிப் பெண் இவரைத் தொடக் கூடாது.

மூன்றாவது பிரிவே மிக முக்கியமானது. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்து, ஆபத்தை மறைத்து வைத்திருப்பவை இவை. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி, சூடாகி, நோகுமானால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நெடுநேரம் விமானத்தில் அமர்ந்து வந்த சுற்றுலாப் பயணிக்கு இது நேரக்கூடும். அந்தக் காலை அழுத்தி நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். தோல் சிவந்து பரவி, காய்ச்சலும் இருந்தால் அது தோலடித் தொற்று. அங்கும் கை வைக்கலாகாது. வயலிலோ மாணிக்கக் குழியிலோ இறங்கியவர் காய்ச்சலோடும் கடுமையான கெண்டைக்கால் நோவோடும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கால் வெடிப்பின் வழியாகவும் சிராய்ப்பின் வழியாகவும் நுழைவது அது. இரத்தினபுரி மாவட்டம் அந்நோய்க்குப் பெயர்போனது. இலங்கை முழுவதிலும் 2008-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு உள்ளானதாகப் பதிவாகியது. அவருக்கு அன்று தேவை வைத்தியசாலை, எண்ணெய் அன்று.

அடுத்தது தொழுநோய். வெளிறிய அல்லது செம்மை படர்ந்த ஒரு தழும்பு. அரிப்பில்லை, நோவில்லை. தொட்டால் உணர்ச்சி குறைவு. நோவாததால் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. 'இந்த இடத்தில் நான் தொடுவது தெரிகிறதா?' என்று கேட்கும் வாய்ப்பு, உடம்பு நீவுகின்றவருக்கு இயல்பாகவே கிடைக்கிறது. தேமலையும் தொழுநோயையும் பிரித்துக் காட்டக்கூடிய கேள்வி அது.

தொழுநோய் ஒழிந்துவிட்டதென்று எண்ணுவோர் பலர். இலங்கை 1983-இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கி, 1995-இல் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை அடைந்தது உண்மை. அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டுபிடிக்கப்பட்டு வருகிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுள் சிறுவர்களும் இருக்கிறார்கள். மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் உட்கொண்டால் குணம். ஒருமுறை தொட்டதால் தொற்றுவதில்லை. நெடுங்காலம் நெருங்கி வாழ்வதால், மூச்சுக்காற்றின் வழியே பரவுவது அது. தாமதித்தால் மட்டுமே விரல் மடங்கும், பாதம் புண்ணாகும். கெட்டுப்போன நரம்பை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

ஆயினும் மக்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒல்லாந்தர் ஹெந்தளையில் 1708-இல் கட்டிய தொழுநோய் வைத்தியசாலையும், மட்டக்களப்பு மாந்தீவும், நோயாளரைப் பிரித்து வைக்க 1901-இல் இயற்றப்பட்ட சட்டமும் தலைமுறை தலைமுறையாக மனதில் பதிந்து கிடக்கின்றன. 'கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள்' என்ற அந்தப் பழைய பயமே இன்றும் நோயை மறைக்கச் செய்கிறது.

'மசாஜ் செய்கின்றவள் வைத்தியராகிவிட முடியுமா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அரைகுறை அறிவோடு 'உங்களுக்குக் குஷ்டம்' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் ஒரு குடும்பமே சிதறும். ஆகவே கற்பிக்க வேண்டியது நோயின் பெயரைச் சொல்வதை அன்று. கண்டதைச் சொல்வதும் வழியைக் காட்டுவதுமே அவர் பணி. 'ஐயா, உங்கள் முதுகில் இந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. தொட்டால் தெரியவில்லை என்கிறீர்கள். தோல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.' இவ்வளவே போதும். அதையும் தாழ்ந்த குரலில், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இதனையொத்த முயற்சி பலன் தந்திருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கறுப்பின ஆண்கள் நம்பிச் செல்லும் 52 முடிதிருத்தும் நிலையங்களில் 319 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. முடி வெட்டுபவர் ஊக்குவிக்க, மருந்தாளர் அங்கேயே வந்து மருந்து கொடுத்த இடங்களில் உயர் இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்தது. வைத்தியர் சொன்னால் கேளாதவன், தன் தலையை நம்பி ஒப்படைத்தவன் சொன்னால் கேட்கிறான். நம் ஊர் நாவிதரும் மருத்துவிச்சியும் ஒரு காலத்தில் அந்த இடத்தில்தான் இருந்தார்கள்.

இதில் தொழிலாளியின் பக்கமும் உண்டு. சொறியோடு வந்த வாடிக்கையாளரை மறுத்தால் அன்றைய கமிஷன் போய்விடும், முதலாளியின் ஏச்சும் கிடைக்கும் என்றால் எந்தப் பிள்ளை மறுக்கும்? தன் கையிலேயே அரிப்பு வந்தால் லீவு கேட்பாளா, மறைப்பாளா? தொற்று நோயைக் கண்டு வேலையை நிறுத்தினால் கூலி வெட்டப்படாது என்று நிலைய உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் துவைத்த துவாய், ஒவ்வொரு முறையும் சவர்க்காரத்தால் கை கழுவ நேரம், எண்ணெயைப் பொதுப் பாத்திரத்தில் கைவிட்டு எடுக்காத ஒழுங்கு ஆகியவையும் அவர் பொறுப்பே. அறிவைத் தொழிலாளியிடமும் செலவை அவள் தலையிலும் போட்டால் எதுவும் நடக்காது.

தொழிற்பயிற்சி நிலையங்கள் மசாஜ் பாடத்தில் தோல் பற்றிய ஒரு பகுதியைச் சேர்க்கட்டும். கறுத்த, மாநிறத் தோலில் நோய் எவ்வாறு தெரியும் என்பதை நம்மவர் படங்களோடு, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடட்டும். வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம் தோலில் கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும். வெளிநாட்டுப் புத்தகப் படங்கள் இங்கு வழி தவறச் செய்யும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் அரை நாள் வந்து சொல்லிக் கொடுத்தாலே பெரிய மாற்றம் ஏற்படும்.

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு வந்து ஸ்பாவில் படுக்கும்போது, உங்கள் தோலில் உள்ளதை முன்கூட்டியே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அவள் ஏதேனும் கண்டு தயக்கத்தோடு சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். நன்றி கூறிவிட்டு, ஒரு வைத்தியரிடம் போய்க் காட்டுங்கள்.