நொச்சியில்லா உழிஞை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில் விடுமுறை வந்ததும் மாணவர் சிலர் உரோமப் படைத்தலைவராகிவிடுகின்றனர். 2004ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோம்: டோட்டல் வோர்’ என்னும் கணினி விளையாட்டின் துணைகொண்டு, மதிலை இடிக்கும் பொறியை எங்கே செலுத்துவது, நகரும் கோபுரத்தை எப்போது மதிலோடு சேர்ப்பது, சுரங்கத்தை எவ்விடத்தில் அகழ்வது என்பனவற்றை அவர்கள் செவ்வனே கற்றுள்ளனர். “இது விளையாட்டன்று, வரலாற்றுக் கல்வி” என்பது அவர்தம் வாதம். ஆசிரியர் சிலரும் அதற்குத் தலையசைக்கின்றனர். இவ்வாதத்தை நான் மறுக்கின்றேன்.

நகர் வீழ்ந்ததும் அவ்விளையாட்டு மூன்று வழிகளைக் காட்டும்: நகரைக் கைக்கொள்ளல், குடிகளை அடிமையாக்கல், குடிகளைக் கொன்றொழித்தல். கொன்றொழிப்பின் கொள்ளைப் பொருள் மிகும், கலகமும் அடங்கும். ஆதலால் பெருநகராயின் மூன்றாம் வழியே சிறந்ததெனத் தேர்ந்த ஆட்டக்காரர் அறிவுரை கூறுவர். திரையில் ஓர் எண் குறையும், அழுகுரல் கேளாது.

வரலாறு இதுதானா? கி.மு. 52இல் அலேசியாவை இரட்டை அரண் அமைத்து வளைத்த சீசரின் திறனை இன்றும் புகழ்கின்றோம். உணவு அருகியபோது அந்நகர மக்கள் பெண்டு பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டதையும், அடிமைகளாகவேனும் ஏற்று உணவளிக்குமாறு அவர்கள் இரந்ததையும், தாம் காவல் நிறுத்தி மறுத்ததையும் சீசரே எழுதிவைத்துள்ளார். இரு படைகளுக்கும் நடுவே நின்ற அம்மக்களுக்கு இவ்விளையாட்டில் இடம் எங்கே?

நம் மரபு மாசற்றதென்று நான் கூறவில்லை. பகைவர் நகரைக் கழுதை ஏர் பூட்டி உழுத வேந்தரை நம் புலவரும் பாடினர். எனினும் மதிலை வளைப்போர்க்கு உழிஞைப் பூ என்றால், அதனைக் காப்போர்க்கு நொச்சிப் பூ என்று தனித்திணை வகுத்தது புறப்பொருள் வெண்பாமாலை. நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது, உள்ளே கதவடைத்திருந்த நெடுங்கிள்ளியின் முன் கோவூர்கிழார் ஊராரின் பசியையும் தண்ணீர்த் தவிப்பையும் எடுத்துரைத்தார். உறையூர் முற்றுகையின்போது, பொருதுவோர் இருவரும் சூடியது ஆத்தியே என்பதைச் சுட்டிப் போரை விலக்க முயன்றார்.

கிழக்கிலங்கையார்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1990 ஜூனில் விடுதலைப் புலிகள் இங்குள்ள பொலிஸ் நிலையங்களை வளைத்தனர். கல்முனையும் அவற்றுள் ஒன்று. சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கிற் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழரும் கொல்லப்பட்டனர். இரண்டு ஊர்களிலும் வழங்கிய மொழி தமிழே. இன்று திரைமுன் அமர்ந்து நகர் கொள்ளும் இளைஞரின் பெற்றோர், அன்று வளைக்கப்பட்ட ஊர்களுக்குள் அஞ்சிக் கிடந்த பிள்ளைகள். தம் பெற்றோர் நின்ற பக்கத்தையே காணாத ஒன்றை வரலாறென்று இவர்கள் ஏற்பது எங்ஙனம்?

விளையாட்டைத் தடைசெய்யுமாறு நான் கேட்கவில்லை. விளையாடுவோர் விளையாடட்டும். ஆனால் அதனை வரலாறென்று வகுப்பறைக்குள் அழைத்து வருவோர் கோவூர்கிழாரையும் உடனழைத்து வருதல் வேண்டும். மதிலை உடைக்கும் வகையைப் பொறியும் கற்பிக்கும். மதிலுக்குள் இருப்போர் யாவர் என்று கேட்கக் கற்பிப்பது ஆசிரியர் கடன். அக்கடனைப் பல்கலைக்கழகம் கைவிடலாகாது.