காகிதத்தில் சங்கீதம் இல்லையாம்

பழைய சங்கீதக் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பற்றி நம்மவர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் புழங்குகின்றன. ஒன்று, அவர்கள் கலாசாரத்தின் காவலர்கள். மற்றது, நம் சங்கீதம் காதால் கேட்டு வாயால் வளர்வது, ஆகவே ஸ்வரம் எழுதிய காகிதம் வெறும் எலும்புக்கூடு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதை நான் பலமுறை கேட்டாயிற்று. எலும்புக்கூடுதான் என்றால் அதற்கு எதற்கு ஐயா பூட்டு?

நம் எழுத்தாள நண்பர்களும் இதைக் கேட்பதில்லை. சேகரிப்பாளர் என்றதும் நமக்கு ஒரு கிறக்கம். செல்லரித்த ஓரம், மங்கிய மசி, பழைய காகிதத்தின் வாசனை என்று நாலு பக்கம் எழுதிவிட முடிகிறது. அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது, அதை இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் நம் பிரக்ஞையைத் தொடுவதே இல்லை.

காவிரிக்கரை ஊர் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு வித்வானின் பேரன் வீட்டில் பதினைந்து இருபது நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூட அதிகம். தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார், மூடினார். தெலுங்கு எழுத்தில் ஸ்வரப்படுத்திய கீர்த்தனைகள். ஒரு நோட்டையாவது பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்றேன். ‘தாத்தா பாடாந்தரம் வெளியே போனா கெட்டுப் போயிடும் தம்பி’ என்றார். சற்றுப் பொறுத்து, ‘காகிதத்திலே சங்கீதம் இருக்கா என்ன?’ என்றும் சொன்னார். அவருக்குத் தெலுங்கு படிக்க வராது. ஆக அந்தப் பாடாந்தரம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கரையான் ஒன்றுதான் அதைப் பாரபட்சமில்லாமல் வாசிக்கிறது.

சேகரிப்பு என்பதே மேல்நாட்டுப் பணக்காரர்களின் விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு அங்கிருந்தே ஒரு விஷயம் சொல்கிறேன். கில்பர்ட் காப்லான் நியூயார்க்கில் பத்திரிகை நடத்திப் பணம் சம்பாதித்தவர். மாலரின் இரண்டாவது சிம்பொனி மேல் பைத்தியம். அதை நடத்துவதற்காகவே நடுவயதில் கண்டக்டர் வேலை கற்றுக்கொண்டார். அவர் நடத்திய லட்சணம் பற்றி வாத்தியக்காரர்களே பகிரங்கமாக ஏசியிருக்கிறார்கள். அது இருக்கட்டும். மாலரின் மனைவி ஆல்மா 1920ல் மெங்கெல்பெர்குக்குக் கொடுத்த அந்த சிம்பொனியின் மூலக் கையெழுத்துப் பிரதியை, 232 பக்கங்கள், காப்லான் 1984ல் விலைக்கு வாங்கினார். வாங்கியவர் இரண்டே வருஷத்தில், 1986ல், அதை அப்படியே படப் பிரதியாக அச்சிட்டு வெளியிட்டார். பிற்பாடு ஓர் ஆராய்ச்சியாளரோடு உட்கார்ந்து, அச்சான ஸ்கோரில் படிந்து போயிருந்த நூற்றுக்கணக்கான பிழைகளைத் திருத்திப் புதிய பதிப்புக்கும் வழி செய்தார். அவர் 2016ல் செத்துப் போனதும் லண்டனில் பிரதி ஏலத்துக்கு வந்து, 45 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. வாங்கியவர் பெயரை அப்போது சொல்லவில்லை. 2022ல் அது கிளீவ்லாண்ட் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது. இடையில் அது ஆறு வருஷம் எந்தப் பெட்டகத்தில் கிடந்தாலும் சங்கீதத்துக்கு நஷ்டமில்லை, ஏனென்றால் 1986லேயே அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. மூலத்தின் விலை பணக்காரன் கவலை.

அங்கே காகிதத்தில் சங்கீதம் உண்டு, இங்கே இல்லை, அதனால் ஒப்பிடக் கூடாது என்று சாஸ்திரம் பேசுபவர்களை எட்டயபுரத்துக்கு அழைத்துப் போக வேண்டும். 1890களில் சின்னசாமி முதலியார் என்று ஒருவர், சென்னையில் சர்க்கார் உத்தியோகஸ்தர், கிறிஸ்தவர், தியாகையர் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு முறையில் எழுதி சொந்தக் காசைப் போட்டு அச்சிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் அரண்மனையின் பணமும் சேர்ந்துதான் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904ல் வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் பேரன், சுவீகார புத்திரன். மறைத்து வைக்கும் உரிமை என்று ஒன்று இருந்தால் அவருக்கு இருந்த அளவு வேறு யாருக்கும் இருந்திருக்காது. வீட்டுச் சொத்தாக வந்த கீர்த்தனைகள், அதை நம்பித்தான் சமஸ்தானத்தில் மதிப்பு. மனுஷர் தம் அறுபத்தைந்தாவது வயதில், முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் மட்டும் இருநூறுக்கு மேல், மேளகர்த்தா வரிசையில், கமகங்களுக்குத் தனித்தனிக் குறி போட்டு, அத்தனையையும் அச்சில் கொட்டிவிட்டார். இரண்டு வருஷத்தில் காலமானார். பாடாந்தரம் கெட்டதா?

கெட்டது என்றும் சொல்வார்கள். இன்று மேடையில் பாடப்படும் தீட்சிதர் கிருதிகள் பல அந்தப் புத்தகத்தில் இருப்பது போல் இல்லை. வாஸ்தவம். ஆனால் இல்லை என்று நமக்கு எப்படித் தெரிந்தது? புத்தகம் இருப்பதால். எது சரி என்று வித்வான்களும் ஆராய்ச்சியாளர்களும் இன்றுவரை சண்டை போடுகிறார்களே, அந்தச் சண்டைக்கு இடம் கொடுத்ததே அந்த அச்சுதான். தகரப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றிச் சண்டை போட முடியாது, கும்பிடத்தான் முடியும். கும்பிடுவது நமக்குச் சுலபமாக வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பணம் கேட்பவரை நான் குறை சொல்லவில்லை. வறுமையில் இருக்கும் வித்வான் வீட்டார் தாத்தாவின் நோட்டுக்கு விலை கேட்டால் கொடுக்க வேண்டும், அது நியாயம். என் சண்டை விலையும் சொல்லாமல், பிரதியும் தராமல், விழாவுக்கு விழா அந்தப் பெட்டிக்குப் பொன்னாடை வாங்கிக்கொள்பவரோடுதான். அவரை மேடையில் உட்கார்த்தி வைத்துப் பாராட்டிப் பேசும் நம்மோடும்தான். கைபேசி வைத்திருக்கும் எந்தப் பையனும் ஒரு நோட்டை அரை மணியில் படமெடுத்துவிடுவான். நோட்டு வீட்டுப் படி தாண்ட வேண்டாம். அடுத்த முறை பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அந்தப் பையனையும் கூட அழைத்துக்கொண்டு போகலாம்.