டி டிரைவின் பூட்டை உடைக்காதீர்கள்

விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்த கணினி, கொஞ்ச நாளில் அதே சர்வீஸ் மேசைக்குத் திரும்பி வருகிறது. "டி டிரைவ் திறக்குது சார், லினக்ஸில் மட்டும் எதுவும் சேவ் ஆக மாட்டேங்குது." டெர்மினலைத் திறந்து என்.டி.எஃப்.எஸ்.ஃபிக்ஸ் கட்டளையை ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். முடிந்துவிடுகிறது என்பதுதான் நம் கவலை.

அந்த நேரத்தில் லினக்ஸின் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி டிரைவர் காட்டும் செய்தியை நம்மில் எத்தனை பேர் கடைசி வரி வரை படிக்கிறோம்? டிரைவின் விவரங்கள் இன்னும் விண்டோஸின் கேஷில் இருக்கின்றன, எழுதுவது ஆபத்து, விண்டோஸை முழுமையாக ஷட் டவுன் செய்துவிட்டு வாருங்கள் என்கிறது அது. நோயும் மருந்தும் அங்கேயே இருக்கின்றன.

2012இல் விண்டோஸ் 8உடன் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் வேர். ஷட் டவுன் கொடுத்தால் பயனரின் புரோகிராம்கள் மூடப்படுகின்றன. கெர்னலோ மூடப்படாமல், ஹைபர்னேஷன் ஃபைலில் எழுதப்பட்டு உறங்கப் போகிறது. டி டிரைவில் எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கும் அதோடு உறைந்துவிடுகிறது. இடையில் லினக்ஸ் புகுந்து புது ஃபைல்களை எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தன் பழைய கணக்கை நம்பி அவற்றின் மேலேயே எழுதக்கூடும். ஆகவே, எழுதவிடாமல் தடுப்பது கோளாறே அல்ல. வாடிக்கையாளரின் கல்யாண ஆல்பத்துக்கு அதுதான் காவல்.

லினக்ஸ் 5.15இல், 2021இல், கெர்னலுக்குள்ளேயே வந்த என்.டி.எஃப்.எஸ்.3 டிரைவர் இன்னும் கறார். வால்யூம் 'டர்ட்டி' என்று குறிக்கப்பட்டிருந்தால் மவுண்ட் செய்யவே மறுக்கிறது. திரையில் வரும் பிழைச் செய்தியோ சூப்பர்பிளாக் கெட்டுப்போனதோ என்று சந்தேகப்பட வைக்கிறது. அதை நம்பி நல்ல ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்யச் சொல்வதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. டிமெசேஜைப் பார்த்தால் உண்மைக் காரணம் ஒரே வரியில் இருக்கும். இந்த டிரைவரில் ஃபோர்ஸ் ஆப்ஷனும் உண்டு; அதைத் தொடாதீர்கள்.

என்.டி.எஃப்.எஸ்.ஃபிக்ஸ் செக்டிஸ்க்குக்கு மாற்று அல்ல என்று அதன் கையேடே சொல்கிறது. சில அடிப்படைப் பிழைகளை மட்டும் சரிசெய்து, ஜர்னலை அழித்துவிட்டு, அடுத்த முறை விண்டோஸ் ஏறும்போது சோதனை நடக்க ஏற்பாடு செய்கிறது, அவ்வளவே. சரியான வழி விண்டோஸுக்குள் போய் செக்டிஸ்க்கை எஃப் ஸ்விட்சோடு ஓட்டுவது. பிறகு பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுப்பது. எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் இதனால் போகும் சில வினாடிகளை யாரும் தேடப்போவதில்லை. அதற்குப் பிறகும் வாடிக்கையாளர் விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்கு வந்தால் இதே கதைதான். அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

எக்ஸ்ஃபேட்டில் போட்டால் தொல்லையில்லை என்பவர்கள் உண்டு. அதில் ஜர்னல் கிடையாது. மின்வெட்டு சகஜமான ஊரில், யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப்புக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். உறங்கும் விண்டோஸின் பழைய கணக்கு என்ற சிக்கலும் அதனால் தீராது.

எஃப்எஸ்டேபில் எழுதும்போது யு.யு.ஐ.டி.யோடு நோஃபெயிலும் சேருங்கள். இல்லையேல் டி டிரைவ் மவுண்ட் ஆகாத அன்று லினக்ஸே எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

கணினியை ஒப்படைக்கும் முன் விண்டோஸை ஷட் டவுன் செய்து, லினக்ஸில் ஏறி, டி டிரைவில் ஒரு ஃபைலை எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்தக் கணினி இன்னும் டெலிவரிக்குத் தயாராகவில்லை.