நாற்றுத் தட்டும் வீட்டுப் பூனையும்



ஆவணி பிறந்துவிட்டால் நம் சபையில் பல வீடுகளின் முன்னறையும் ஜன்னலோரமும் நாற்றங்காலாகிவிடுகின்றன. பழைய வாளியிலும் உடைந்த குடத்திலும் மிளகாயும் கத்தரியும் தக்காளியும் முளைக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன்னே நாற்று தயாராக வேண்டும். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும் பிடுங்கி நடத் தகுந்ததாகும். மிளகாய்க்கு 40 நாள் வேண்டும். வாசலிலேயே விதைக்கலாமே என்று வெளியூரார் கேட்பதுண்டு. கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றுகிற மேல்காற்றுதான் நம் முற்றங்களிலும் வீசுகிறது. இரண்டிலைப் பருவத்து நாற்று அந்தக் காற்றையும் கோவில்பட்டி வெயிலையும் சேர்த்துத் தாங்காது. ஆகையால் அதை வீட்டுக்குள் வளர்ப்பது செல்லம் கொடுப்பதல்ல, அவசியம்.

அங்கேதான் பூனை வருகிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. உதிரி மண்ணைக் கண்டால் தோண்டி, மலம் கழித்து, மூடிவிடுவது அதன் பிறவிக்குணம். கரிசலை மட்டும் தட்டில் நிரப்பினால் காய்ந்து பாளம்பாளமாக வெடிக்கும் என்பதால், மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து பொலபொலவென்று ஆக்கிவைக்கிறோம். நாற்றுக்கென்று நாம் விரித்த மெத்தை, பூனைக்குக் கழிப்பிடமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? நாம் குறும்பு என்பது அதற்குச் சுத்தம்.

இதற்குப் பரிகாரம் கடினமல்ல. தட்டின்மேல் கம்பிவலையையோ பழைய கம்பிக்கூடையையோ கவிழ்த்துவையுங்கள். நாற்று சற்று உயர்ந்தபின் இடையிடையே கூழாங்கல் பரப்பினால் பூனை கால் வைக்கத் தயங்கும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் மணமும் அதற்குப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டின் வேறொரு மூலையில் அதற்கென்று ஒரு மணல் தட்டு வைத்து, நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். கடித்துப் பார்க்க ஒரு பிடி கம்பு முளைக்கப்போடுங்கள். இளஞ்சோளப் பயிரில் நஞ்சு உண்டென்று மாடு வளர்ப்போர் அறிவர், அது வேண்டாம். பாச்சை உருண்டையும் பினாயிலும் பூனைக்கு விஷமாகிவிடும்; பாதத்தை நக்கும் பிராணி அது. கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: பூனை அசுத்தம் செய்த மண்ணை நீங்கள் தொட வேண்டாம், வீட்டில் வேறொருவர் அள்ளட்டும். அதிலுள்ள டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடும்.

இவ்வளவு எளிய வழிகள் இருக்க, சிலர் வேறொரு வழியைத் தேர்ந்துகொள்ளுகிறார்கள். பூனையைச் சாக்கில் கட்டி, நாற்கரச் சாலைக்கு அப்பால் விட்டுவருகிறார்கள். நாற்றைக் காப்பாற்றவே செய்தோம் என்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீதிமான் தன் மிருகஜீவனின் உயிரையும் கவனிக்கிறான் என்பது நீதிமொழிகள் 12:10 நமக்குக் கற்பிப்பது. வளர்த்த பிராணியைப் பசிதாகத்தால் வாடும் நிலையில் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமென்கிறது. மேலும், அடுத்த பட்டத்துக்கென்று பானையில் வைத்த விதையை எலி தின்னாமல் காத்தது யார்? மனிதன் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய இடத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனின் அருகே பூனையும் அடக்கம்பண்ணப்பட்டிருந்தது.

நாம் வாசிக்கும் வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் வீட்டுப்பூனை வருவதில்லை. கத்தோலிக்க சகோதரரின் வேதாகமத்தில், பாரூக்கு 6ஆம் அதிகாரத்தில் ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. அங்கும் விக்கிரகங்களின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது! அதன் சுபாவம் அன்றும் இன்றும் ஒன்றே.

இதை இவ்வாரம் எழுதுவதற்குக் காரணம் பூனை மட்டுமல்ல. பின்வரிசையில் அமர்ந்து கைப்பேசியும் சிரிப்புமாயிருக்கிற நம் வாலிபப் பிள்ளைகளைப் பாடகர் குழுவிலிருந்தும் மாலை ஜெபக் கூட்டத்திலிருந்தும் நிறுத்திவைக்க வேண்டும் என்று சபையில் மூத்த சிலர் கேட்கிறார்கள். புதிதாய் வரத் தொடங்கியிருக்கும் குடும்பங்களின் விசுவாசம் இளநாற்று. அது இவர்களால் மிதிபடும் என்பது அவர்களுடைய பயம். அந்தப் பயத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. சிறியரில் ஒருவனுக்கு இடறலாயிருப்பதைக் குறித்து ஆண்டவர் மத்தேயு 18ல் எவ்வளவு கடுமையாய்ப் பேசினார் என்பதை அறிவீர்கள். ஆனால் கேட்கப்படும் தீர்வு, சாக்கும் நாற்கரச் சாலையும்தான்.

உன்னதப்பாட்டு 2:15ன் சிறுநரிகளை எனக்கு ஞாபகப்படுத்துவோரும் உண்டு. அந்த நரிகள் தோட்டக்காரன் வீட்டில் பிறந்தவையல்ல. இவர்களோ நம் ஞானஸ்நானத் தொட்டியருகே பெயரிடப்பட்டவர்கள். நேற்றுவரை ஞாயிறு பள்ளியில் நாமே தண்ணீர் ஊற்றிய நாற்றுகள். உவமையை இதற்குமேல் இழுத்தால் கிழிந்துவிடும்.

புதியவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும். நம் தென்னாட்டுத் திருச்சபை அதை அறிந்திருந்தது. துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு அடைக்கலமாகத்தான் 1799ல் முதலூர் உருவாயிற்று. அது காற்றுக்கு மறைவான நாற்றங்கால். எனினும் நாற்று தட்டிலேயே மரமாவதில்லை. 1854ல் ராக்லாந்து ஐயரும் அவருடைய உடன் ஊழியரும் வடதிருநெல்வேலிக்கு வந்தபோது, மதில் எழுப்பி உட்காரவில்லை. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்க் கரிசலில் நடந்தார்கள். 1858ல் சிவகாசியில் அவர் மரித்தபோது கையில் பெரிய அறுப்பு எதுவும் இல்லை. அந்தக் காலடித் தடத்தில் விளைந்தவர்களில் நாமும் உண்டு.

நாற்று வளர்ப்போர் இதை அறிவர். நிழலிலேயே நெடுநாள் நின்ற செடி வெளிறி, நெடுநெடுவென்று நீண்டு, தண்டு வலுவற்றுப்போகும். அன்புமிகுதியால் தண்ணீரை ஊற்றிக்கொண்டேயிருந்தால் நாற்றழுகல் பிடித்து வேரருகே சாய்ந்துவிடும். நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தட்டைத் தினமும் வெளியே கொண்டுபோய், முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று வெயிலும் காற்றும் காட்ட வேண்டும். புதிய குடும்பங்களையும் நாம் எந்நாளும் கூடையைக் கவிழ்த்து மூடிவைக்க முடியாது. சபை என்றால் பின்வரிசையின் சிரிப்பும் அதில் சேர்த்திதான்.

அதுபோலவே வாலிபருக்கும் அவர்களுக்கென்று ஒரு தட்டு வேண்டாமா? பாடகர் குழுவைத் தவிர நாம் அவர்களுக்குத் தந்த வேலை என்ன? தோண்டுவதற்கு இடமில்லாதபோதுதான் பூனை நாற்றைத் தோண்டுகிறது.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் சபைக் கமிட்டி கூடும்போது நான் வைக்கப்போகும் யோசனை இது. பாடகர் குழுவிலிருந்து ஒருவரையும் நிறுத்த வேண்டாம். மாலை ஜெபக் கூட்டத்தில் கைப்பேசிகளை வாசலிலுள்ள பெட்டியில் வைக்கச் சொல்லலாம். மூத்தவர்களும் வைக்க வேண்டும். அறுப்பின் பண்டிகைக்கென்று ஆலய வளாகத்தில் வளர்க்கும் மிளகாய் நாற்றுத் தட்டுகளை, விதைப்பு முதல் நடவுவரை, அந்தப் பின்வரிசைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுவிடலாம். ஆலயத் தாழ்வாரத்திலும் ஒரு பூனை திரிகிறது என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.